கல்வி உளவியல் கலைச்சொற்களும் இருமொழி மாணவரும்: சித்தூர் – திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

1. முன்னுரை

கல்வியியலையும் உளவியலையும் இணைத்துப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர், குழந்தை எவ்வாறு கற்கிறது, ஏன் மறக்கிறது, எதனால் ஊக்கம் பெறுகிறது என்பவற்றை முறையாக அறிந்துகொள்கின்றனர். இவ்வறிவு கலைச்சொற்கள் வாயிலாகவே அவர்களை வந்தடைகிறது. வேதியியலில் ஒரு கலைச்சொல் பிழைபடினும் குடுவையிலுள்ள பொருள் தன் இயல்பினின்று மாறுவதில்லை. கல்வி உளவியலில் நிலைமை வேறு. ஆசிரியர் ஒரு சொல்லை எப்பொருளில் கொள்கிறாரோ அப்பொருளிலேயே தம் முன் அமர்ந்திருக்கும் குழந்தையை மதிப்பிடுகிறார்; அம்மதிப்பீட்டின்படியே அதனை நடத்தவும் செய்கிறார். எனவே இத்துறையில் சொல்லின் பிழை வகுப்பறையின் பிழையாக மாறும்.

ஒரே மொழியில் பள்ளிக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் பெறுவோர்க்கு இச்சிக்கல் அவ்வளவாகப் புலப்படுவதில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, தெலுங்கு வழியாகவோ ஆங்கில வழியாகவோ இப்பாடத்தைக் கற்று, மீண்டும் தமிழ்க் குழந்தைகளிடம் செல்லும் மாணவரிடத்தில் இது தெளிவாக வெளிப்படும். சித்தூர் – திருப்பதி வட்டாரம் அத்தகைய மாணவரைக் கொண்ட பகுதி. அப்பகுதியின் மொழிச் சூழலை முன்வைத்து, கல்வி உளவியல் கலைச்சொற்கள் இரு மொழிகளிலும் எவ்வாறு அமைந்துள்ளன, அவை எங்கே பொருள் பிறழ்கின்றன, மொழிபெயர்ப்பாளர் எவற்றைக் கருத வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தெலுங்கு, சமஸ்கிருத, இந்திச் சொற்கள் ஒலிப்புக்கு இயன்றவரை நெருங்கிய தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ளன.

2. ஒரு பாடம், இரு துறைகள்

கல்வி உளவியல் தனிப் பாடமாக உருப்பெற்றது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரேயாம். வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களை நோக்கி ஆற்றிய உளவியல் சொற்பொழிவுகள் 1899இல் நூலாயின. எட்வர்ட் தார்ண்டைக் 1903இல் கல்வி உளவியல் என்னும் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் பள்ளிக் குழந்தைகளுக்கான முதல் நுண்ணறிவு அளவுகோலை 1905இல் அமைத்தனர். இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இலும், மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1943இலும் உளவியலுக்குத் தனித் துறைகளைத் தோற்றுவித்தன. ஆசிரியர் பயிற்சியோ அவற்றுக்கு முற்பட்டது. சென்னைச் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1856ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் வரலாற்றை உடையது. ஆக, கல்வியியலும் உளவியலும் வெவ்வேறு வாயில்கள் வழியாக நம் பல்கலைக்கழகங்களுள் நுழைந்து, பின்னர் ஒரே பாடத்தில் சந்தித்தன எனலாம்.

இச்சந்திப்பு கலைச்சொற்களுக்கு இரட்டைப் பணியைத் தந்தது. உளவியலார்க்குச் சொல் நிகழ்வதை விவரிக்கும் கருவி. கல்வியியலார்க்கு அது செய்ய வேண்டியதைச் சுட்டும் கருவி. 'வலுவூட்டல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நடத்தைக்குப் பின் நிகழும் ஒன்று, அந்நடத்தை மீண்டும் தோன்றும் வாய்ப்பை மிகுவிக்குமாயின் அது வலுவூட்டல் என்பது உளவியலார் கொள்கை. வகுப்பறையிலோ இச்சொல் பாராட்டு, பரிசு என்னும் பொருளில் சுருங்கிவிடுகிறது. அவ்வாறு சுருங்கியபின் 'எதிர்மறை வலுவூட்டல்' என்பதைத் தண்டனை எனக் கொள்ளும் பிழை தானே தோன்றும். உண்மையில் துன்பம் தரும் ஒன்றை நீக்குவதால் நடத்தை வலுப்பெறுவதே எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ நடத்தையைக் குறைக்க முயல்வது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் ஆசிரியர், அடிப்பதற்கு உளவியல் சான்று இருப்பதாக நம்பக்கூடும்.

3. வட்டாரத்தின் மொழிச் சூழல்

சித்தூர் நகரம் 1911க்கு முன் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் தனி மாவட்டமாக அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. எல்லைச் சீரமைப்பின் விளைவாக 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. எல்லைக்கோடு மாறினும் மக்கள் வழக்கு அதனுடன் மாறிவிடவில்லை. நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய எல்லையோரப் பகுதிகளில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவோர் பலர். 2022 ஏப்ரலில் பழைய மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

உயர்கல்வியில் திருப்பதிக்குத் தனியிடம் உண்டு. திருவேங்கடவன் பெயரால் அமைந்த ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் தோன்றியது. பெண்களுக்கான ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இல் நிறுவப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் உருவான சமஸ்கிருத வித்யாபீடம் 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2020இல் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. மாவட்டத்தின் மறுகோடியில் குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ஆங்கிலம், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகிய மும்மொழிகளிலும் ஆசிரியர் கல்வி நிகழும் வட்டாரம் இது. தமிழ் மாணவர் நான்காவது மொழியையும் தம்முடன் கொண்டு வருகின்றனர்.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. இக்கொள்கை செயற்பட வேண்டுமாயின் தமிழறிந்த ஆசிரியரும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டபின் ஆசிரியர் தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் தாளில் 150 வினாக்களுள் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. எனவே கல்வி உளவியற் கலைச்சொல் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வது தேர்வரின் பணி வாய்ப்பையும் பாதிக்கும். பணி பெற்றபின் அப்பிழையின் விளைவு குழந்தையைச் சாரும்.

4. போலி ஒப்புச்சொற்கள்

இரு மொழிகளில் வடிவம் ஒத்தும் பொருள் வேறுபட்டும் வழங்கும் சொற்களைப் போலி ஒப்புச்சொற்கள் எனலாம். தெலுங்குக் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை சமஸ்கிருதத்தை அடியாகக் கொண்டவை. அச்சொற்களின் வடிவங்கள் தமிழிலும் பழைய வழக்காக உள்ளன. ஆகவே தமிழ் மாணவர் அவற்றை முன்பே அறிந்ததாக எண்ணுகின்றனர். அறியாத சொல்லைக் கண்டால் அகராதியை நாடும் மாணவர், அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு அவ்வாறு செய்வதில்லை. இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

பாடத்தின் பெயரே முதற்சான்று. இந்தியிலும் சமஸ்கிருதவழிக் கல்வியிலும் 'சிக்ஷா' என்பது கல்வி. ஆசிரியப் பட்டப் படிப்பு 'சிக்ஷா சாஸ்திரி' என வழங்குகிறது. வேதாங்கங்களுள் அதே சொல் ஒலிப்பியலைக் குறிக்கும். தெலுங்கில் 'சிக்ஷ' என்பது பெரும்பாலும் தண்டனை. தமிழில் 'சிட்சை' கற்பித்தலையும் தண்டித்தலையும் ஒருங்கே சுட்டியது. ஒலிப்பியல், கல்வி, தண்டனை ஆகிய மூன்றும் ஒரு சொல்லின் கிளைகளாக ஒரே நகரில் வழங்குகின்றன.

தெலுங்குக் கல்வி உளவியல் நூல்களில் வழங்கும் பின்வரும் சொற்களைத் தமிழ் வழக்குடன் ஒப்பிட்டுக் காணலாம்.

பிரஜ்ஞ: தெலுங்கில் நுண்ணறிவு. தமிழில் பிரக்ஞை என்பது தன்னுணர்வு, விழிப்புநிலை.

பாவன: தெலுங்கில் பொதுமைக் கருத்து. தமிழில் பாவனை என்பது நடிப்பு, தோற்றம் காட்டுதல். இலங்கைத் தமிழில் பயன்பாடு.

வைகரி: தெலுங்கில் மனப்பான்மை. தமிழ்ச் சைவ சித்தாந்த நூல்களில் செவிப்புலனாகும் வாக்கு.

உத்வேகம்: தெலுங்கில் மனவெழுச்சி. தமிழில் செயலுக்கு உந்தும் வேகம்.

ப்ரேரண: தெலுங்கில் ஊக்கம். தமிழில் பிரேரணை என்பது அவையில் முன்மொழியப்படும் தீர்மானம். இலங்கையில் இப்பொருள் இன்றும் வழக்கிலுள்ளது.

அப்யசனம்: தெலுங்கில் கற்றல். தமிழில் அப்பியாசம் என்பது பயிற்சி.

அவதானம்: தெலுங்கில் கவனம். இலங்கைத் தமிழில் அவதானித்தல் என்பது உற்றுநோக்கல்.

இவற்றுள் சில, பொருளைச் சிறிதே நகர்த்துவன. சில முற்றிலும் திசை மாற்றுவன. 'உத்வேகம்', 'ப்ரேரண' ஆகிய இரண்டையும் சேர்த்து நோக்கினால் இது விளங்கும். தெலுங்கு நூல் மனவெழுச்சியை உத்வேகம் என்கிறது. தமிழ் மாணவர் அதனைச் செயலூக்கம் எனக் கொள்கின்றனர். ஊக்கத்துக்கு உரிய ப்ரேரண என்னும் சொல்லோ அவர்களுக்கு அவை நடவடிக்கையை நினைவூட்டுகிறது. மனவெழுச்சி மிகுந்தால் கற்றல் குன்றும் என்னும் கருத்தைத் தெலுங்கில் படிக்கும் மாணவர், ஊக்கம் மிகுந்தால் கற்றல் குன்றும் எனப் பிறழ உணர இடமுண்டு. இரு சொற்களும் இடம் மாறியதால் கோட்பாடே தலைகீழாகிறது.

நுண்ணறிவு ஈவு பற்றிய தெலுங்குத் தொடர் இன்னொரு சான்று. மனவயதைக் கால வயதால் வகுத்துப் பெறும் எண்ணை வில்லியம் ஸ்டெர்ன் 1912இல் முன்மொழிந்தார். லூயிஸ் டெர்மன் 1916இல் அதனை நூறால் பெருக்கி வழங்கினார். தமிழ்க் கணிதத்தில் வகுத்துப் பெறுவது 'ஈவு' ஆதலின் 'நுண்ணறிவு ஈவு' என்பது பொருத்தமான ஆக்கம். தெலுங்கில் 'பிரஜ்ஞாலப்தி' என்பர். அங்கும் லப்தி கணக்கின் விடையைக் குறிப்பதே. ஆனால் தமிழ்ச் செவிக்கு லபித்தல் என்பது அருளாலோ பேற்றாலோ கிட்டுதல். ஆகவே இத்தொடர் விழிப்புணர்வு கைவரப்பெறுதல் என்னும் ஆன்மிகப் பொருளைத் தரும். ஓர் எண்ணாக மட்டும் கொள்ளத்தக்க அளவீடு, பிறவியிலேயே வாய்த்த பேறு போலத் தோற்றம் பெறுகிறது. குழந்தைக்கு ஒரு முறை கிடைத்த எண்ணை மாறாத விதியாகக் கருதும் மனநிலைக்கு இத்தகைய பொருட்சாயல் துணைபோகும்.

சமஸ்கிருத அடி என்பதனால் இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே சொல் வழங்கும் எனக் கருதுவதும் பொருந்தாது. ஆளுமையை இந்தியும் கன்னடமும் 'வ்யக்தித்வ' என்னும் அடியால் குறிக்கத் தெலுங்கு 'மூர்த்திமத்வம்' என்கிறது. நுண்ணறிவு இந்தியில் 'புத்தி', தெலுங்கில் 'பிரஜ்ஞ'. கற்றல் இந்தியில் 'அதிகம்'. தமிழில் அவ்வெழுத்துகளை அவ்வாறே படித்தால் மிகுதி என்றுதான் பொருள்படும். சொற்கிடங்கு பொதுவாயினும், அதிலிருந்து ஒவ்வொரு மொழியும் எடுத்துக்கொண்டது வேறு. நடுவண் அரசின் கலைச்சொல் ஆணையம் 1961இல் அமைந்து அனைத்திந்தியப் பொதுச்சொற்களை ஊக்குவித்த பின்னும் இவ்வேறுபாடு நீடிக்கிறது.

5. தமிழ்ச் சொற்கள் அமைந்த முறை

தமிழில் இத்துறை முதலில் மனோதத்துவம், மனநூல் முதலிய பெயர்களால் வழங்கிப் பின் உளவியல் என நிலைபெற்றது. உளம் என்பதன் மகரம் கெட்டு, உடம்படுமெய் வகரம் தோன்றி இயல் என்பதனோடு புணர்ந்தது இச்சொல். ஒற்றறிதலைக் குறிக்கும் உளவு என்பதனோடு இதனை இணைத்துப் பிரிப்பது வேடிக்கையாக வழங்கினும், புணர்ச்சியில் இரு பிரிப்புக்கும் இடமிருப்பது கலைச்சொல்லாக்குவோர் கருத வேண்டிய ஒன்றே.

தமிழாக்கங்களுள் வெற்றி பெற்றவற்றுக்குத் 'தூண்டல் – துலங்கல்' என்னும் இணை சிறந்த எடுத்துக்காட்டு. துலங்குதல் என்பதன் பழம்பொருள் ஒளிர்தல், விளங்கித் தோன்றுதல். தூண்டிய விளக்கு துலங்கும் என்னும் உருவகம் உள்ளே அமைந்திருப்பதாலும், முதலெழுத்து மோனையாலும், தொழிற்பெயர் ஈறு ஒத்திருப்பதாலும் இவ்விணை மாணவர் நினைவில் எளிதில் நிற்கிறது. தெலுங்கின் 'உத்தீபன – பிரதிஸ்பந்தன' இணையிலும் மூட்டுதல், எதிர்த்துடித்தல் என்னும் உருவகங்கள் உள்ளன. இரு மொழிகளும் வெவ்வேறு வழியில் ஒரே அமைப்பை எட்டிய இடம் இது.

'முயன்று தவறிக் கற்றல்' என்பதும் குறிப்பிடத்தக்கது. தெலுங்கு 'யத்னதோஷ அப்யசனம்' எனப் பெயர்களைத் தொகைநிலையில் அடுக்க, தமிழ் வினையெச்சங்களை வரிசையில் நிறுத்துகிறது. முயலுதல், தவறுதல், கற்றல் என்னும் நிகழ்ச்சி வரிசை தொடரிலேயே காட்டப்படுவதால் விளக்கம் தேவைப்படுவதில்லை.

எல்லா ஆக்கங்களும் இவ்வாறு அமையவில்லை. பாவ்லவின் கோட்பாட்டுக்குரிய 'ஆக்கநிலையுறுத்தல்' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்துப் பொருளுணர இயலாது. மனப்பாடம் செய்தே வழங்க வேண்டியுள்ளது. தெலுங்கு 'நிபந்தனம்' என்பதைக் கொண்டது. தமிழ் மாணவர்க்கு நிபந்தனை என்பது ஒப்பந்தத்தில் விதிக்கும் கட்டுப்பாடாக ஒலித்தாலும், ஒன்றனைச் சார்ந்து மற்றொன்று நிகழ்தல் என்னும் கருக்கருத்தை அது உணர்த்திவிடுகிறது. ஆனால் பாவ்லவின் வகையைச் 'சாஸ்திரீய நிபந்தனம்' என்னும்போது தெலுங்கிலும் ஒரு மயக்கம் நேர்கிறது. சாஸ்திரீய என்பது செவ்வியல் என்றும் அறிவியல் சார்ந்தது என்றும் பொருள்படுமாதலின், ஏனைய வகைகள் அறிவியல் சாராதவை போலும் என்னும் எண்ணம் எழலாம்.

'கற்றல் மாற்றம்' என்னும் தமிழ்த் தொடரும் இருபொருள்படுவது. ஒரு சூழலில் கற்றது மற்றொரு சூழலுக்குச் செல்லுதல் என்பதே கருதிய பொருள். கற்றலில் ஏற்படும் மாறுதல் என்றும் அதனைக் கொள்ளலாம். தெலுங்கின் 'பதலாயிம்பு' கைமாறிச் செல்லுதலையே உணர்த்துவதால் அங்கு மயக்கம் குறைவு. அண்டை மொழியை அறிந்த மாணவரே தமிழ்த் தொடரின் இக்குறையை எளிதில் காண்பர். இருமொழியறிவு இடையூறாக மட்டும் அமைவதில்லை. சொல்லைச் சோதிக்கும் உரைகல்லாகவும் அமைகிறது.

தமிழ் மரபில் இத்துறைக்குரிய சிந்தனை இல்லாமலில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகையாக்கி, அன்னம், பசு ஆகியவற்றைத் தலைமாணாக்கர்க்கும், மண், கிளி ஆகியவற்றை இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்குகிறது. இது தனியாள் வேற்றுமை பற்றிய நுண்ணிய நோக்கு. ஆயினும் நன்னூலார் நோக்கம் யாருக்குக் கற்பிக்கலாம் எனத் தெரிவது; இக்காலக் கல்வி உளவியலின் நோக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் எவ்வாறு கற்பிக்கலாம் என ஆய்வது. மரபுச் சொல்லைக் கலைச்சொல்லாகக் கொள்ளும்போது மரபின் நோக்கமும் உடன் வந்துவிடாமல் காத்தல் வேண்டும்.

6. அறிவுரையும் மந்திரணமும்

சொல்லின் பிழை செயலின் பிழையாவதற்கு மிகத் தெளிவான சான்று, தமிழ்நாட்டு ஆசிரியர் கல்வி நூல்களில் வழங்கும் 'வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்' என்னும் தொடர். இதன் இரண்டாம் உறுப்பு எப்பணியைக் குறிக்கிறதோ, அப்பணியில் அறிவுரைக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில், துணை நாடி வருபவர்க்குத் தீர்வு கூறாமல், அவர் தம் நிலையைத் தாமே கண்டறியுமாறு செவிமடுத்து உடனிருக்கும் நெறியற்ற முறையை விளக்கினார். இதனைத் தமிழில் எழுதும் ஆசிரியர், நெறிப்படுத்தாத அறிவுரை என முரண்பட்ட தொடரை ஆள நேர்கிறது. தேர்வில் தோற்று மனமுடைந்து வரும் மாணவியிடம் 'நன்றாகப் படி, மனத்தைத் தளரவிடாதே' எனக் கூறி அனுப்பும் ஆசிரியர், அறிவுரை பகர்தல் என்னும் பணியைச் சொல்லளவில் செவ்வனே நிறைவேற்றியவராவார். அம்மாணவி சொல்ல வந்தது மட்டும் சொல்லப்படாமலே போகும்.

தெலுங்கில் இதற்கு 'மந்த்ரணம்' என்பது வழக்கு. தமிழில் மந்திரம், மந்திராலோசனை என்பன அரசனும் அமைச்சரும் மறைவாகக் கலந்து எண்ணுதலைச் சுட்டும். இருவர் சேர்ந்து எண்ணுதல், எண்ணியது வெளிச்செல்லாமை ஆகிய இரண்டும் இச்சொல்லில் அடங்கியுள்ளன. இவ்விரண்டுமே இப்பணியின் அடிப்படை அறங்கள். பழைய சொல்லாயினும், கருத்துக்கு அணுக்கமாக நிற்பது இதுவே.

இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்னும் ஆக்கத்தை வழங்குகின்றனர். உளத்தின் வளம் துணை நாடி வருபவரிடமே உள்ளது, மற்றவர் துணையாக மட்டும் நிற்கிறார் என்னும் கொள்கை இதன் உறுப்புகளிலேயே வெளிப்படுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் 'ஆற்றுப்படுத்தல்' என்பது இருவகையில் பொருள்கொள்ள இடந்தருவது. ஆற்றுப்படை இலக்கிய மரபின்படி ஆறு என்பது வழி; அவ்வழிப் படுத்தல் வழிகாட்டலையே குறிக்கும். துயர் ஆற்றுதல் என்னும் வினையைச் சேர்த்து நோக்கின் ஆறுதல் அளித்தல் எனத் தோன்றும். இலக்கிய மணம் உடையதாயினும், வழிகாட்டலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இச்சொல் காப்பதில்லை.

நுண்ணறிவுக்கு இலங்கையில் 'நுண்மதி' என்றும், பொதுமைக் கருத்துக்கு 'எண்ணக்கரு' என்றும் வழங்குவதையும் இங்கு நினைவுகூரலாம். தமிழுக்குள்ளேயே இரு நாட்டு வழக்குகள் உள்ளன. சித்தூர் மாணவர் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும்போது, எந்தத் தமிழ் என்னும் வினாவையும் எதிர்கொள்கின்றனர்.

7. சோதனைகளை மொழிபெயர்த்தல்

கலைச்சொல்லைவிட நுட்பமான இடர்ப்பாடு உளவியல் சோதனைகளை மொழிபெயர்ப்பதில் உள்ளது. இந்திய மொழிகளுக்குப் பினே அளவுகோலைத் தகவமைக்கும் முயற்சி நெடுங்காலத்தது. ஹெர்பர்ட் ரைஸ் லாகூரில் 1922இல் இந்துஸ்தானி வடிவத்தை உருவாக்கினார். வி. வி. காமத் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கான வடிவத்தை அமைத்து, அதன் முடிவுகளை 1940இல் நூலாக வெளியிட்டார். சொற்களை மாற்றினால் மட்டும் சோதனை மாறிவிடாது என்பதை இம்முயற்சிகள் உணர்த்தின.

பினே அளவுகோலில், பொருந்தாமையைக் கண்டறியும் வினா ஒன்று உண்டு. ஒருவன் தனக்கு மூன்று சகோதரர் எனக் கூறி, அவர்களுள் தன்னையும் சேர்த்து எண்ணுகிறான். பிழை எங்கே என்பது வினா. தமிழிலும் தெலுங்கிலும் சகோதரனுக்கு வயது வேறுபாடின்றிப் பேச்சில் வழங்கும் ஒரு சொல் இல்லை. அண்ணன், தம்பி என்றோ, அன்ன, தம்முடு என்றோ கூற வேண்டும். எவருக்கு அண்ணன், எவருக்குத் தம்பி என்னும் நோக்குநிலை அச்சொற்களிலேயே அடங்கியிருப்பதால், தன்னைத் தானே எண்ணிக்கொள்ளும் பிழை குழந்தைக்கு உடனே புலப்பட்டுவிடும். 'உடன்பிறந்தார்' என மொழிபெயர்த்தாலோ, பேச்சில் கேட்டறியாத சொல் என்பதனால் வினா கடினமாகும். முன்னதில் வினா எளிதாகிறது. பின்னதில் அது சொற்பொருட் சோதனையாகிறது. எவ்வாறாயினும் பினே அளக்கக் கருதியது அளக்கப்படுவதில்லை.

எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் நினைவுச் சோதனை மொழிச் சார்பற்றது எனக் கருதப்பட்டதுண்டு. வேல்ஸ் நாட்டில் எல்லிஸ், ஹெனெலி ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. வெல்ஷ் எண்ணுப்பெயர்களை ஒலிக்க ஆங்கில எண்ணுப்பெயர்களைவிட மிகுதியான நேரம் தேவைப்படுவதால், வெல்ஷ் மொழியில் நினைவுவீச்சு குறைந்து தோன்றுகிறது என அவர்கள் காட்டினர். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்ணுப்பெயர்களின் அசைகளைக் கூட்டினால் ஆங்கிலத்தில் 10 வரும். எழுத்துத் தமிழில் 20. ஒண்ணு, ரெண்டு எனப் பேச்சு வடிவில் எண்ணினால் 19. தெலுங்கில் 23, எட்டைக் குறிக்கும் 'எனிமிதி' ஒன்றே நான்கு அசை உடையது. அசைத்தொகை மட்டுமே ஒலிப்பு நேரத்தை முடிவு செய்வதில்லை எனினும், ஒரு மொழிக்கு வகுத்த சராசரியை மற்றொரு மொழிக்கு அவ்வாறே கொள்ளலாகாது என்பதை உணர இவ்வேறுபாடு போதும். தமிழ் பேசும் குழந்தையைத் தெலுங்கு எண்களால் சோதித்து, ஆங்கிலக் குழந்தைகளின் சராசரியோடு ஒப்பிட்டு, நினைவாற்றல் குறைந்தது எனக் குறிப்பெழுதுவது எவ்வகையிலும் முறையாகாது.

8. மொழிபெயர்ப்பாளர்க்குரிய நெறிகள்

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படும்.

முதலாவதாக, கல்வி உளவியற் சொற்களைத் தனித்தனியே மொழிபெயர்த்தலாகாது. மனவெழுச்சி, ஊக்கம், கவர்ச்சி, மனப்பான்மை ஆகியன ஒரு தொகுதி. நுண்ணறிவு, நாட்டம், அடைவு ஆகியன மற்றொரு தொகுதி. ஒரு தொகுதியிலுள்ள சொற்கள் ஒன்றையொன்று வரையறுப்பன. ஒன்றை மாற்றின் மற்றவற்றின் எல்லையும் நகரும்.

இரண்டாவதாக, அண்டை மொழியில் அதே வடிவம் எப்பொருளில் வழங்குகிறது என நோக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் பயன்படும் நூலுக்கு இது தேவையற்றதாகத் தோன்றலாம். சித்தூர், பெங்களூர், பாலக்காடு முதலிய இடங்களில் பயிலும் தமிழ் மாணவரைக் கருதின் இதன் தேவை விளங்கும். நூலின் இறுதியில் தரும் கலைச்சொற் பட்டியலில் ஆங்கில நிகரனுடன் தெலுங்கு நிகரனையும் சேர்த்து, போலி ஒப்புச்சொற்களுக்குக் குறியிட்டுக் காட்டுதல் பயனுடையது.

மூன்றாவதாக, சொல்லைக் கேட்ட ஆசிரியர் என்ன செய்வார் என வினவுதல் வேண்டும். அறிவுரை என்றால் பேசுவார். துணை என்றால் செவிமடுப்பார். இத்துறையில் சொற்பொருத்தத்துக்கு இதனினும் சிறந்த சோதனை இல்லை.

நான்காவதாக, சோதனைகளை மொழிபெயர்த்தபின், மூல நூலைக் காணாத மற்றொருவர் அவற்றை மீண்டும் மூலமொழிக்கு மொழிபெயர்த்து ஒப்பிடும் முறையைக் கையாளல் வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய இம்முறை பொருட்பிழைகளை வெளிப்படுத்தும். ஆயினும் வினாவின் கடினநிலை மாறியிருப்பதை இம்முறை காட்டாது. அதற்குக் குழந்தைகளிடம் வினவிப் பார்த்தலும், அவ்வட்டாரத்துக்கே உரிய சராசரிகளை வகுத்தலும் வேண்டும்.

9. முடிவுரை

கல்வியியலும் உளவியலும் இணைந்த பாடத்தைத் திருப்பதியில் கற்கும் தமிழ் மாணவர், மூன்று மொழிகளின் கலைச்சொற்களைக் கடந்து நான்காவது மொழியில் கற்பிக்கச் செல்கின்றனர். இவ்வழியில் அவர்களுக்கு அறியாத சொற்களால் நேரும் இடரைவிட, அறிந்தவை போலத் தோன்றும் சொற்களால் நேரும் இடரே மிகுதி. பிரஜ்ஞயைப் பிரக்ஞை எனக் கொண்டால் நுண்ணறிவு பேறாகிறது. சிக்ஷாவைச் சிட்சை எனக் கொண்டால் கல்வி தண்டனையாகிறது. துணையை அறிவுரை என மொழிபெயர்த்தால் செவிமடுத்தல் நின்றுவிடுகிறது. இவற்றை முதலில் உணரக்கூடியவர் இருமொழி மாணவரே. கலைச்சொற் குழுக்கள் தம் பட்டியல்களை முடிவு செய்யுமுன், எல்லையோரத் தமிழ் வகுப்புகளில் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் அவற்றைத் தந்து, அவர்கள் எங்கே தயங்குகின்றனர், எங்கே தயங்காமலே பிழைபடுகின்றனர் எனக் கண்டறிதல் தக்கது. அவ்வாறு செப்பம் செய்த சொற்கள் சித்தூர்க் குழந்தைகளுக்கு மட்டுமன்றித் தமிழ் கற்கும் குழந்தைகள் அனைவர்க்கும் பயன்படும்.